சாரலுக்கு முன்னே ஒரு பத்தாயிரம்

சாரல் இறங்கிவிட்டால் குற்றாலத்தில் தலை எண்ண முடியாது. ஜூன் மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து, பேரருவியில் தண்ணீர் நன்றாக விழ ஆரம்பித்ததும் நெல்லை, மதுரை, விருதுநகர், கேரளம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வண்டிகள் வந்து குவியும். ஆகஸ்ட் வரை இந்தக் கூட்டம். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். ஆனால், அரசாங்கப் பதிவேட்டில் குற்றாலம் சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் ஒரு சின்னப் பேரூராட்சி.

இந்த இரண்டு கணக்கிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு. குளிக்க வந்தவர்களும் இல்லை, ஊர்க்காரர்களும் இல்லை. எண்ணெய் தேய்த்துவிட்டுக் கூலி வாங்குகிறவர்கள், மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் கூறு கட்டி விற்கிறவர்கள், சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவ சீசனுக்கு மட்டும் வந்து போகிறவர்கள், ஓட்டலில் தட்டு கழுவுகிறவர்கள், பாசிமணி விற்கும் நரிக்குறவர் குடும்பங்கள், குற்றாலநாதர் கோயில் வாசலில் கையேந்தி உட்கார்ந்திருக்கும் முதியவர்கள். பகலில் இவர்களை எல்லோரும் பார்க்கிறோம். ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கடைத் திண்ணை, பஸ் ஸ்டாண்ட், பூட்டிய கடைக்கு முன்னால் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். மழை பலத்தால் அதுவும் கிடையாது.

இப்படிப் படுக்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி சாப்பாடு அல்ல. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் வயிற்றுப்பாடு எப்படியோ ஓடிவிடும். சம்பாதித்த காசை எங்கே வைப்பது? பிரச்சினை அதுதான். மடியில் முடிந்தால் தூக்கத்தில் போய்விடும். கடைக்காரரிடம் கொடுத்து வைத்தால் கணக்குக் கேட்க வாய் வராது. கையிலேயே வைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் டாஸ்மாக் பாதியை வாங்கிக்கொள்ளும். இது எல்லோருடைய கதையும் இல்லைதான். ஆனாலும் பலருடைய கதை. ஆக, ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் முதலில் ஒரு பூட்டுப் பெட்டிக்கு இடம் காட்டட்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர் என்றது. கணக்கெடுப்பாளர்கள் அதற்காக ஒரு ராத்திரியை ஒதுக்கி, தெருவில் படுத்திருப்பவர்களை எண்ணுவார்கள். அது பிப்ரவரி மாதக் கடைசி. அந்தச் சமயத்தில் குற்றாலத்தில் அருவி வற்றி, கடைகளில் பாதி அடைத்துக் கிடக்கும். சீசன்காரர்கள் வேறு ஊர்த் திண்ணையில் படுத்திருப்பார்கள். நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டமும் மக்கள்தொகையை வைத்தே அளந்தது. ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் அளவுக்கு இடம் என்பது 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் அளவுகோல். 2011 கணக்கில் தென்காசி நகரத்திலேயே சுமார் 70,000 பேர்தான். குற்றாலம் அந்தத் தராசில் நிற்கவே நிற்காது.

900 வாங்கி 1,000 கட்டுவது

கையில் முதல் இல்லாதவர் வியாபாரம் செய்ய என்ன வழி? தண்டல். காலையில் 900 ரூபாய் கைக்கு வரும். தினமும் 100 வீதம் பத்து நாள் கட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் இதை யாரும் அநியாயம் என்றுகூட நினைப்பதில்லை. தண்டல்காரர் நேரத்துக்கு வருகிறார், பேப்பர் கேட்பதில்லை, முகம் தெரிந்தால் போதும். ஒருநாள் மழையில் வியாபாரம் படுத்தால், ‘அண்ணாச்சி, நாளைக்குச் சேத்துத் தாரேன்’ என்று சொல்லிப் பார்க்கலாம். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் அது 400 சதவீதத்தையும் தாண்டுகிறது. தட்டுக்கடை லாபத்தில் பாதி சத்தமில்லாமல் அங்கே போய்விடும்.

தண்டல் கந்துவட்டியாக மாறும்போது என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். கடையநல்லூர்ப் பக்கம் காசிதர்மத்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் அங்கேயே தீ வைத்துக்கொண்டார். நாலு பேரும் இறந்துபோனார்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது. கந்துவட்டியின் இடத்தில் வைக்க வேறு பணம் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2019 நவம்பர் 22 அன்று, தென்காசி தனி மாவட்டமானது. காசிதர்மம் இப்போது இந்த மாவட்டத்தில் இருக்கிறது.

வேறு பணம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மகளிர் சுய உதவிக்குழு. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. அதன் தொடக்கத்தில் கடனோடு ஒரு சிறு மானியமும் இருந்தது.

1980-களின் நடுவில் கர்நாடகத்தில் ‘மைராடா’ என்ற தொண்டு நிறுவனம் பெரிய கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தது. சங்கங்கள் உடைந்தன. உறுப்பினர்களில் பலர், நாங்கள் வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறோம், ஆனால் சங்கத் தலைவர்களை நம்பிச் சங்கத்துக்குக் கட்ட மாட்டோம் என்றார்கள். அப்படியானால் நீங்கள் நம்புகிற ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். குழு பிறந்த கதை அதுதான். 1987-இல் நபார்டு வங்கி மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் மானியம் கொடுத்தது. குழுவினர் சேர்த்த பணத்தோடு சேர்த்துப் போடுவதற்கு அது பயன்பட்டது. ஐந்து ஆண்டு பார்த்த பிறகு, 1992-இல், 500 குழுக்களோடு வங்கி இணைப்புத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. நடுவில், 1989 செப்டம்பரில், தமிழ்நாட்டில் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் அமைக்கப்பட்டன. மற்றதெல்லாம் தெரிந்த கதை. இன்று பீடி சுற்றும் ஊர்கள், விசைத்தறி ஊர்கள் என்று தென்காசி மாவட்டத்தில் குழு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சுழல் நிதி என்று குழுக்காரர்கள் சொல்வது அந்த முதல் மானியத்தின் வாரிசு. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. குழுவின் பெட்டியிலேயே இருந்து உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுற்ற வேண்டும். 1999-இல் வந்த ‘ஸ்வர்ண ஜெயந்தி’ கிராமத் திட்டத்தில் இந்த மானியம் 10,000 ரூபாய். 2011-இல் வந்த தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 10,000 முதல் 15,000 வரை என்றது. 2013-இன் நகர்ப்புற இயக்கத்தில் மறுபடியும் அதே 10,000. முதல் பத்தாயிரத்துக்கு அன்றைய விலையில் சுமார் மூன்று பவுன் தங்கம் வாங்கியிருக்கலாம். கடைசிப் பத்தாயிரத்துக்கு அரைப் பவுன்கூட வந்திருக்காது. திட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. தொகை மட்டும் ஏறக்குறைய ஆடாமல் அசையாமல் இருந்தது. நம் ஊரில் பணத்தை அளக்கப் பவுனைவிட நேர்மையான கோல் வேறு இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

கதவை அடைப்பது யார்?

குழுவில் சேர 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரே பகுதியில் குடியிருக்க வேண்டும். வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வர வேண்டும். சந்தா கட்ட வேண்டும். எல்லாம் நியாயமான விதிகள். பீடி சுற்றும் பெண்ணுக்கு இதில் ஒரு கஷ்டமும் கிடையாது. திண்ணையில் படுக்கும் பெண்ணுக்கு முதல் விதியிலிருந்தே சிக்கல். வயது 63. குடியிருப்பு ஜூனில் குற்றாலம், தையில் பழனி. ரேஷன் கார்டு மகன் வீட்டில். அந்த மகனோடு பேச்சுவார்த்தை இல்லை.

அதிகாரி தடுக்கிறார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பெரும்பாலும் உண்மை அதுவல்ல. கதவை அடைப்பது குழுவே. வங்கிக் கடன் என்று வந்துவிட்டால், பன்னிரண்டு பேர் குழுவில் ஒருத்தி கட்டாமல் போனால் மற்ற பதினொரு பேர் தலையில் விழும். அப்படி இருக்கும்போது நாளைக்கு எங்கே இருப்பாள் என்று தெரியாதவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? ‘பாவம்தான், ஆனா ஜவாப்தாரி யாரு?’ என்ற அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இல்லாதவர்களுக்கு இருக்கிற ஒரே சொத்து பிறர் நம்பிக்கை. அதை அவர்கள் பார்த்துத்தான் செலவு செய்வார்கள்.

குழுவில் இல்லாதவருக்கு மற்றவையும் எட்டுவதில்லை. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப அட்டை வேண்டும். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். அது சொந்த இடத்தில் குடிசை போட்டிருப்பவருக்கு. குடிசையே இல்லாதவர் அந்த வரிசையில் எங்கே நிற்பது?

எனவே இப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே இருக்கிற குழுவில் ஒண்டிக்கொள்வதைவிட, தங்களுக்குள்ளேயே குழுவாவதுதான் வழி. இது கனவுப் பேச்சு என்று நினைப்பவர்கள் தென்காசியிலிருந்து ஆய்க்குடிக்கு ஒரு டவுன் பஸ் ஏறிப் பார்க்கலாம்.

ஆய்க்குடி சொல்வது

ஆய்க்குடி என்றால் பலருக்குப் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலும் படிப்பாயசமும் நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர் எஸ்.ராமகிருஷ்ணன். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடற்சோதனையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. ராணுவ மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் ‘அமர் சேவா சங்கம்’ தொடங்கினார். ஐக்கிய நாடுகள் சபை அந்த ஆண்டைத்தான் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. பிறகு தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பட்டயக் கணக்காளர் சங்கரராமனும் வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்த இரண்டு பேர் நடத்துகிற நிறுவனம் என்பது அதன் பிறகு அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2020-இல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ வந்தது.

பத்திரிகைகள் இந்தச் சங்கத்தைப் பற்றி எழுதும்போது பள்ளி, சிகிச்சை, செயற்கைக் கால் என்று எழுதும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சங்கம் மறுவாழ்வுப் பணியாளர்களை ஊர் ஊராக அனுப்பியது. அந்தக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளை வைத்தே சுய உதவிக்குழுக்கள் அமைத்தது. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பதில் பெற்றோர் உறுப்பினராகலாம். ஆணும் பெண்ணும் ஒரே குழுவில் இருக்கலாம். வழக்கமான மகளிர் குழுவில் இதெல்லாம் முடியாது.

இப்படிப்பட்ட குழுவில் விதி வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஊரில் பன்னிரண்டு மாற்றுத்திறனாளிகள் இருக்க மாட்டார்கள். ஏழு பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேரால் கூட்டத்துக்கு வர முடியாது. கூட்டம் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போட முடியாதவருக்கு ரேகை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமே இதை ஒப்புக்கொண்டு, மாற்றுத்திறனாளிகள், முதியோர், பழங்குடியினர் போன்றோருக்குச் சிறப்புக் குழு அமைக்கலாம், ஐந்து பேர் இருந்தாலே போதும் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறது. வாசுதேவநல்லூர் தலையணையிலும் கடையநல்லூர் கருப்பாநதிப் பக்கமும் உள்ள பளியர் குடியிருப்புகளுக்கு இந்த ஐந்து என்ற எண் பெரிய விஷயம். தேனுக்கும் கடுக்காய்க்கும் ஆட்கள் மலைக்குப் போய்விட்டால் பன்னிரண்டு பேரைக் கூட்டத்தில் உட்கார வைக்கிற கதையே நடக்காது.

மாற்றுத்திறனாளிக்கு வீடு உண்டு. தெருவில் இருப்பவருக்கு அதுவும் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பம்பாயில் இருக்கிறது. அந்தப் பதிலிலும் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு.

ஜோகின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்தவர். பிழைக்க பம்பாய்க்குப் போய், தெருவிலும் சேரியிலும் வாழ்ந்து, 1970-களில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார். 2000-இல் மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ, 2018-இல் காலமானார். 1984-இல் தொடங்கிய ‘ஸ்பார்க்’ நிறுவனமும் அற்புதத்தின் கூட்டமைப்பும் பைகுல்லாப் பக்கத்து நடைபாதைப் பெண்களின் ‘மகிளா மிலன்’ குழுக்களும் கைகோத்தன. நடைபாதைவாசிகளுக்கு நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமயம் அது. அந்தப் பெண்கள் சேமிப்பைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறக் காகிதத் துண்டு. காசு கொடுத்தால் அந்த நிறத் துண்டு பைக்குள் போகும். எடுத்தால் வெளியே வரும். பையைக் கவிழ்த்துத் துண்டுகளை எண்ணினால் பாஸ்புக். வாரச் சந்தா என்று இல்லாமல், தினமும் யாராவது ஒருத்தி தெருவில் நடந்து வசூலித்தாள். தினக்கூலிக்காரருக்குத் தினச் சேமிப்பு! தண்டல்காரர் கண்டுபிடித்த உத்தியைத் தண்டல்காரருக்கு எதிராகவே திருப்பினார்கள் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு வெளியிலிருந்து சிறு பணம் கொடுத்துப் பார்த்த கதையும் உண்டு. பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய வீட்டுரிமைக் கூட்டணி 2009-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு குடியிருப்புக்கு அதிகபட்சம் 3,000 டாலர். ஒரு பாதை, ஒரு வடிகால், ஒரு குழாய், எது வேண்டும் என்பதை அங்கே இருப்பவர்களே முடிவு செய்யலாம். இலங்கையில் 1989-இல் தொடங்கிய மகளிர் வங்கிக் கூட்டுறவும் இதில் சேர்ந்திருந்தது. அந்தப் பணம் வேண்டுமென்றே போதாமல் வைக்கப்பட்டது. போதாத பணம் கைக்கு வந்தால் உட்கார்ந்து பேசியாக வேண்டும், மிச்சத்துக்கு நகராட்சிக் கதவைத் தட்டியாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இந்த வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். போதாத பணம் ஆட்களைக் கூட்டும். மிகவும் போதாத பணம் கலைத்துவிடும். நம் பத்தாயிரம் இரண்டாவது எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

மூன்று பேர் போதும்

இனி நடைமுறைக்கு வருவோம். வீடற்ற பன்னிரண்டு பேர் குழுவானால் வங்கியில் என்ன நடக்கும்? ஆதார் எங்கே, முகவரி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல கிளைகளில் நடப்பதும் அதுதான். ஆனால், ரிசர்வ் வங்கியின் விதி அப்படி இல்லை. சுய உதவிக்குழுவுக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்க எல்லா உறுப்பினர்களின் ஆவணமும் தேவையில்லை. பொறுப்பாளர்களுடையது இருந்தால் போதும். நம் ஊர் வழக்கப்படி ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். ஆக, மூன்று பேர். எல்லோருடைய ஆவணத்தையும் பார்ப்பது வங்கிக் கடன் கொடுக்கிற கட்டத்தில்.

இதை நிதானமாக யோசித்தால் ஒரு வழி திறக்கிறது. கடனுக்குத்தான் பன்னிரண்டு பேரின் காகிதமும் வேண்டும். மானியத்துக்கு வேண்டாம். குழு தொடங்கி மூன்று மாதத்தில் சுழல் நிதி கேட்கலாம். வங்கிக் கடனுக்கு ஆறு மாதமாவது ஆகும். காகிதம் இல்லாதவர்களை எட்டக்கூடிய முதல் பணம் திருப்பிக் கட்டத் தேவையில்லாத இந்தச் சிறு தொகைதான். இடைப்பட்ட மாதங்களில் மீதி ஒன்பது பேரும் ஆதாரும் குடும்ப அட்டையும் வாங்கிக்கொள்ளலாம். தனியாகப் போனால் விரட்டப்படுகிற ஆள், குழுவின் தீர்மானப் புத்தகத்தோடு போனால் உட்காரச் சொல்கிறார்கள். தனி ஆளுக்கும் ஒரு வழி இருக்கிறது. முறையான ஆவணம் இல்லாதவர் வங்கி அதிகாரி முன்னால் புகைப்படத்தில் கையெழுத்தோ ரேகையோ வைத்துச் ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. திண்ணையில் படுப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இடிக்குமா என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு வாரம் 50 ரூபாய். வாரத்துக்கு 600. ஆறு மாதத்தில் 15,600. சுழல் நிதி 15,000 சேர்ந்தால் கையில் 30,600. பழக்கூடைக்கு 2,000, எண்ணெய்க் கேனுக்கும் பாய்க்கும் 1,500, பாசிமணிச் சரக்குக்கு 3,000 என்று நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் கொடுத்தால் பன்னிரண்டு பேருமே அந்த சீசனுக்குத் தண்டல்காரர் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். வட்டியும் பெட்டிக்கே திரும்பும்.

பாசிமணி என்றதும் ஒரு பழைய கதை. குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் மானியமாகக் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. குறத்திக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது இலக்கியக்காரர்களுக்குப் பிடிக்காது. மலைக்குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. ஆனாலும் இன்று அந்த அருவிக்கரையில் மணி விற்கிறவர்களைப் பார்க்கும்போது கேள்வி வருகிறது. 2008-இல் தமிழக அரசு நரிக்குறவர் நல வாரியம் அமைத்தது. தனிநபருக்கு 7,500 ரூபாய் வரையும், குழுவாக வந்தால் உறுப்பினருக்கு 10,000 அல்லது குழுவுக்கு 1,25,000, இதில் எது குறைவோ அதுவும் முழு மானியமாகக் கொடுக்கலாம் என்று விதி வைத்தது. தனி ஆளைவிடக் குழுவுக்கு அதிகம் கொடுத்த நல்ல விதி. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்த மாற்றத்தில் பழைய சலுகைகள் எந்தத் துறையின் மேஜையிலும் காணாமல் போய்விடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

திருநங்கைகள் விஷயம் கொஞ்சம் வேறு. இந்தியாவிலேயே முதன்முதலாக 2008-இல் தமிழ்நாட்டில் அவர்களுக்கு நல வாரியம் வந்தது. சுயதொழிலுக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் வரை மானியம் உண்டு. குழு வாழ்க்கையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்கெனவே குரு, சேலா என்று ஒரு கட்டமைப்பில் வாழ்கிறார்கள். அங்கே பணம் தனி ஆள் கைக்குப் போவதே சில நேரம் விடுதலை.

பங்கு போட்டால் என்ன?

சிறு மானியத்தைப் பற்றி அலுவலகங்களில் ஒரு பழைய புலம்பல் உண்டு: கொடுத்த மறுநாளே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உண்மைதான், நடக்கிறது. 10,000 ரூபாயைப் பன்னிரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு 833. அதில் ஒரு தண்டல் பாக்கி தீரும், அல்லது ஒரு வாரம் மருந்து வாங்கலாம். அந்தப் பணம் திரும்பச் சுற்றாது என்பது நஷ்டம். அது மோசடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குப் பசியோடு இருப்பவரிடம் நாளைய வட்டியைப் பற்றிப் பாடம் எடுப்பதற்கு முன்னால், தொகை ஏன் இவ்வளவு சின்னது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மோசமான காரியங்களும் நடக்கும். பெட்டிச் சாவி வைத்திருந்தவர் சொல்லாமல் ஊரை விட்டுப் போவார். எழுதத் தெரிந்த ஒரே ஆள் குழுவையே ஆட்டிவைப்பார். குடித்துவிட்டு வந்தவரோடு கூட்டத்தில் சண்டை வந்து, இரண்டு மாதம் கூட்டமே நடக்காது. வீடுள்ள மகளிர் குழுவிலும் இதெல்லாம் உண்டு. அங்கே பக்கத்து வீடு என்ற பிடிமானம் இருக்கிறது, திரும்ப ஒட்டிக்கொள்கிறது. இங்கே ஒட்டவைக்க ஓர் ஆள் வேண்டும். வாரம் ஒருமுறை வந்து நோட்டு எழுதி, கணக்கை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டி, இரண்டு வருடமாவது கூட இருக்கும் ஓர் ஆள். ஆய்க்குடியின் அனுபவத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதுவே. மானியத்தின் செலவுக் கணக்கில் அந்த ஆளின் சம்பளத்தைச் சேர்க்காத திட்டம் காகிதத்தில் மட்டும் வெற்றி பெறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பகம், முதியோர் ஓய்வூதியம், மனநல சிகிச்சை, வீட்டுமனை எல்லாம் அரசு செய்ய வேண்டியவை. குழு வைத்துக்கொண்டார்களே, இனி அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கையைக் கழுவ இந்தச் சிறு பணம் சாக்காகிவிடக் கூடாது. 2024-25 பட்ஜெட்டில் அறிவித்த ‘முதல்வரின் தாயுமானவர்’ திட்டம் மிக வறிய ஐந்து லட்சம் குடும்பங்களை இரண்டு ஆண்டில் மேலே கொண்டுவருவோம் என்றது. தனித்து வாழும் முதியோர், ஒற்றைப் பெற்றோர், ஆதரவற்றோர் என்று சரியான ஆட்களைத்தான் பட்டியலிட்டது. ஆனால் அந்த எண்ணிக்கை குடும்பக் கணக்கில் இருக்கிறது. குடும்பத்திலிருந்து வெளியே விழுந்தவரை எந்தக் குடும்பத்தின் கீழ் எழுதுவது? நகர்ப்புற வாழ்வாதார இயக்கமோ 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது.

கடைசியாக, காலண்டர். அரசு அலுவலகங்களில் மார்ச் மாத அவசரம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டுமே என்று பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பணம் இறங்கும். அப்போது குற்றாலத்தில் பாறைதான் தெரியும். அந்த நேரத்தில் கிடைக்கிற சுழல் நிதியை வைத்து யாரும் பழம் வாங்கி விற்க முடியாது, வயிற்றுக்குத்தான் போகும். பிறகு பங்கு போட்டார்கள் என்ற புகார் வரும். சரக்கு வாங்க வேண்டியது மே கடைசியில். அதற்குள் குழு அமைந்து, கணக்குத் தொடங்கி, பணம் கிடைக்க வேண்டுமானால் பொங்கல் முடிந்த கையோடு வேலை ஆரம்பிக்க வேண்டும். அப்போது இந்த ஆட்கள் குற்றாலத்தில் இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டிலோ, சங்கரன்கோவில் வாசலிலோ, பழனிப் பாதையிலோ இருப்பார்கள். அங்கே போய்த் தேடிக் குழு அமைக்கிற வேலையை எந்த அலுவலகத்தின் இலக்குப் பட்டியலும் கேட்பதில்லை. மாவட்டம் புதிது; பழக்கங்கள் இன்னும் இறுகவில்லை. ஐந்து பேர், மூன்று ஆதார், ஒரு நோட்டு, மே மாதத்தில் கையில் பணம் என்று இரண்டு குழுக்களை மட்டுமாவது முயன்று பார்க்கலாம். அதே தொகை செப்டம்பரில் வந்தால் தண்டல்காரரின் பழைய பாக்கிக்குத்தான் காணும்.